பாத்திர அறையில் ஓர் ஆறு

எங்கள் வீட்டில் அண்டாவுக்குத் தனி அறை உண்டு. எனக்குக் கிடையாது.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் அடுப்படி, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. வீடு பார்க்க வந்த அன்று அந்தச் சின்ன அறையின் கிழக்கு ஜன்னலைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன். குடிவந்த அன்றே அதற்குள் மாமியார் வீட்டுப் பித்தளைத் தவலை போனது. பின்னாலேயே என் அம்மா எனக்குக் கொடுத்த சீர், அதன் பின்னால் எங்கள் மகளுக்கென்று சேர்ந்தவை. ஜன்னல் மறைந்தது. அதற்குப் பாத்திர அறை என்று பெயரும் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் பெண் பிள்ளை பிறந்துவிட்டால், அது குப்புற விழுவதற்குள் பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பொங்கல்படி கொண்டுவரும் என் தம்பி, கரும்போடும் கிழங்கோடும் மருமகளுக்கென்று ஒரு வெண்கலப் பானையையும் தூக்கிக்கொண்டு வருவான். என் கணவரின் அக்கா டவுனில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் ஆடித் தள்ளுபடி தவறாமல் எவர்சில்வரில் ஏதாவது வாங்கிவந்து இறக்குவார். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே ஒரு பிடி அரிசி இருக்கும். வெறும் பாத்திரமாக வைத்திருக்கவும் கூடாதாம். அந்த அரிசியில் வண்டு வைக்கும். வருஷா வருஷம் எல்லாவற்றையும் இறக்கி, வண்டைத் தட்டி, புளி போட்டு விளக்கி, புது அரிசி போட்டு, பழைய பேப்பரில் சுற்றி மறுபடியும் அடுக்குவது நான்தான். எனக்கென்று வந்த உருளியில் நான் ஒரு நாளும் ஒரு பாயசம் வைத்ததில்லை. விளக்க மட்டும் செய்திருக்கிறேன்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். நான் பழைய பருத்திச் சேலைகளை வெட்டி, துண்டுகளைச் சேர்த்துத் தைத்து ஒரு பெரிய விரிப்பு செய்கிறேன். அதில் இருப்பது தாமிரபரணி. பாபநாசத்து மலையில் இறங்கி, வயல்களுக்கு நடுவே வளைந்து, ஆழ்வார்திருநகரியைத் தாண்டிக் கடலுக்குப் போகிற ஆறு. நெல்லுக்கு எத்தனையோ பச்சை, வெள்ளம் வந்த தண்ணீருக்கு ஒரு செம்மண் நிறச் சேலை, மணலுக்கு என் கணவரின் வேட்டி. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது எதற்கு என்று கேட்கிறார்கள். எதற்கும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. இதையே எங்கள் வீட்டில் ஓர் ஆண் சொன்னால் ரசனை, பெண் சொன்னால் கொழுப்பு.

இந்த வேலையில் தைப்பதற்கு இடம் வேண்டாம். மிஷின் கட்டில் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும். தைப்பதற்கு முன்னால்தான் இடம் வேண்டும். துண்டுகளைத் தரையில் பரப்பி, ஸ்டூலில் ஏறி நின்று பார்க்க வேண்டும். காலையில் சரியாகத் தெரிந்த பச்சை சாயங்காலம் தப்பாகத் தெரியும். மாற்றி வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்க்க வேண்டும். அதாவது, கலைக்காமல் விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். நானோ கூடத்தில் பரப்புவேன், சாப்பாட்டு நேரம் வந்ததும் அள்ளுவேன். யாராவது வந்து மணியடித்தாலும் அள்ளுவேன். ஒரே வளைவை எத்தனை முறை பரப்பி எத்தனை முறை அள்ளியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதே கூடத்தில் ஒரு சுவர் முழுக்க என் கணவரின் பாட்டு கேசட்டுகள். ஓடுகிற டேப் ரிக்கார்டர் ஒன்று, அதற்கு உதிரி பாகம் எடுக்க ஓடாதவை சில, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். வருகிறவர்கள், “அண்ணாச்சி எவ்வளவு பத்திரமா வச்சிருக்காக” என்று வாய் பிளப்பார்கள். என் துணி மூட்டையைப் பார்த்தால், “வெளுக்கப் போடணுமா?” என்று கேட்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சேரன்மகாதேவிப் பக்கம் ஆறு திரும்புகிற இடம் முதல் தடவையாகச் சரியாக வந்தது. ஸ்டூலில் நின்று பார்த்தேன், இறங்கி வந்து பார்த்தேன், எங்கேயும் உறுத்தவில்லை. குண்டூசி குத்திவிட்டால் முடிந்தது. அதற்குள் மேகம் கூடிவிட்டது. மொட்டை மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்ததால் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது மதினி வந்திருந்தார். பூஜை அலமாரியில் விளக்கு எரிந்தது. கூடத்துத் தரை பளிச்சென்று இருந்தது.

“மதினி, இங்கன இருந்த துணியெல்லாம் எங்க?”

“விளக்கேத்துத நேரத்துல வீடு பூரா கந்தலாக் கெடந்துச்சு ஏளா. கூட்டி அள்ளிட்டேன். அடுப்படில கவர்ல கெடக்கு.”

விளக்கேற்றுவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டிவிட வேண்டும், ஏற்றிய பிறகு துடைப்பத்தைத் தொடக் கூடாது. அவர் தன் வீட்டில் செய்வதையே இங்கேயும் செய்திருக்கிறார். கவரைப் பிரித்தேன். ஆறு முழுக்க வெங்காயச் சருகும் தலைமுடியுமாகக் கிடந்தது. என் கணவர் அதே கூடத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடைப்பம் வந்தபோது காலைத் தூக்கிக் கொடுத்திருப்பார், வேறென்ன செய்திருக்கப் போகிறார்.

“நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திய?”

“துணிதான. திரும்ப எடுத்து வச்சாப் போச்சு.”

எனக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் காபி போட்டுக் கொடுத்துச் சமாதானம் சொல்லியிருப்பார்கள். எனக்கு வந்தது கோபம், அதற்கு எங்கள் வீட்டில் காபி கிடையாது. அன்றைக்கே அந்தச் சின்ன அறையைக் கேட்டேன்.

“பாத்திரத்தை எங்க கொண்டு போட? பிள்ளைக்கு வச்சதுல்லா,” என்றார் என் கணவர். “அவ கல்யாணம் முடியட்டும். அப்புறம் அந்த ரூம் ஒனக்குத்தான்.”

நம்பினேன். கவரை முடிந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இரண்டு பேரும் அங்கேயே ஒரு வீடு பார்த்தார்கள், எங்கள் வீட்டைவிடச் சின்னது. ஒரு நாள் போனில் சொன்னாள். “அம்மா, பாத்திரம் எதுவும் அனுப்பிராத. வைக்க எடமே இல்ல. ஒரு குக்கர், ரெண்டு சட்டி போதும்.” மாப்பிள்ளை வீட்டிலும் அதையே தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் நிச்சயதார்த்தத்தன்றுகூட இல்லை. இனி அந்தப் பாத்திரங்களைக் கேட்க ஆளில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம், விற்றுவிடலாம்.

என் கணவர் பாத்திர அறை வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, “கெடக்கட்டும். பேத்திக்கு ஆகும்,” என்றார்.

பேத்தி. கல்யாணமே இன்னும் ஆகவில்லை. பிறக்காத ஒருத்திக்கு என் வீட்டில் ஜன்னல் வைத்த அறை இருக்கிறது. பிறந்து, படித்து, சம்பாதித்து, இந்த வீட்டுக்கு என் சம்பளத்திலிருந்தும் தவணை கட்டுகிற எனக்குக் கட்டிலடி. பதில் பேசினால் கோபம் பேச்சிலேயே தீர்ந்துபோகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் முடிவெட்டப் போனதும் ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். தவலை அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தது. பானைகளை ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் ஏற்றினேன். அண்டாவை உருட்டிக்கொண்டு போய்க் கேசட் அலமாரிக்கு முன்னால் நிறுத்தினேன். வண்டு அரிசியை மொட்டை மாடியில் புறாக்களுக்குக் கொட்டினேன். துருப்பிடித்த ஜன்னல் கொக்கியைத் தட்டித் திறந்தேன், அறையைக் கழுவித் துடைத்தேன், கவரை எடுத்துவந்து துண்டுகளைத் தூசி தட்டிப் பரப்பினேன்.

அவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். “என்னட்டி இது? நான் எங்கன உக்கார?”

“தவலைய எடுத்து வச்சிட்டு உக்காருங்க. வைக்க எடம் இருந்தா.”

அவர் உட்காரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார். சாயங்காலம் மதினி வந்துவிட்டார். கூடத்தில் பாத்திரங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து, சின்ன அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே தரை முழுக்க ஆறு கிடந்தது.

“எங்கன ஏளா நடக்க?”

“சொவத்த ஒட்டிப் பைய நடங்க மதினி. ஆத்த மிதிச்சிராதிய.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பின்னாலிருந்து என் கணவர் அவசரமாகச் சொன்னார். “பிள்ளைக்குத் தைக்கா அக்கா. புது வீட்டுச் சொவத்துல மாட்டுததுக்கு.”

மதினியின் முகம் தெளிந்துவிட்டது. “அப்படிச் சொல்லுலே. சீருக்குன்னா கெடந்துட்டுப் போட்டும்.”

சமாதானம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், அறை எனக்கு. கந்தல் சீராகிவிடும், என் கொழுப்பு தாய்ப்பாசமாகிவிடும். மகளும் கொடுத்தால் ஆசையாக வாங்கிக்கொள்வாள். எனக்கு அதுவரை வராத கோபமெல்லாம் அப்போது வந்தது. அந்த அறையில் ஒரு தவலை போய் இன்னொரு தவலையாக என் ஆறு கிடக்க வேண்டுமாம்.

“பிள்ளைக்கு இல்ல மதினி. எனக்கு.”

“ஒனக்கா?” என்றார் என் கணவர். “முடிச்ச பொறவு எங்க கொண்டு வைப்ப?”

“எங்கயும் வைக்க மாட்டேன். இங்கனதான் கெடக்கும்.”

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மதினி துடைப்பத்தை எடுத்துக் கூடத்தை, அண்டாவைச் சுற்றியும் நாற்காலிக்கு அடியிலும் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டே சின்ன அறை வாசலுக்கு வந்தவர், துடைப்பத்தோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் உள்ளே நின்று கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருப்பதை, இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.