பாம்பனில் நின்றுபோன காலுறை

காற்று தணியாமல் பாலத்தின் மேல் ரயில் விடமாட்டார்களாம். பாம்பன் ஸ்டேஷனில் உட்கார்ந்து, வடக்கே எல்லையில் பட்டாளத்திலிருக்கும் மகனுக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறேன். கடைசி வரிசை முடிந்து நூலை முடிச்சுப் போடப் போகையில், பக்கத்திலிருக்கும் மீனவப் பெண் என் கையைப் பிடிக்கிறாள்.

"முடிச்சுப் போடாதீகம்மா. கடலுக்குப் போன எம் புருசன் இன்னும் கரைக்கு வரல. வார வரைக்கும் நாங்க எதையும் முடிய மாட்டோம்."

அவள் கூந்தலும் அவிழ்ந்துதான் கிடக்கிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் நிறுத்துகிறேன்.

கடற்கரையிலிருந்து ஒருவர் உடைந்த துடுப்போடு வருகிறார். அதன் பிடியில் சுற்றியிருப்பது அவள் உடுத்தியிருக்கும் அதே சேலையின் கிழிசல். அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறாள்.

"இனி நீங்க போட்டுக்கிடலாம்மா."

காற்று தணிந்து வண்டி வருகிறது. மகனின் காலுறையை முடிச்சுப் போடாமல், ஊசியோடு பைக்குள் வைக்கிறேன்.