கைக்குள் ஒரு புளியங்கொட்டை

எனக்கு அத்தை மகள்மேல் பொறாமை. இப்போது நாகரிகமாகச் சொல்கிறேன். அப்போது வயிறு எரிந்தது. அவள் ரேணிகுண்டாவில் இருந்தாள். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். நாங்கள் போகும்போதெல்லாம் அந்தத் தெருவில் புதிதாக ஏதாவது வந்திருக்கும்: ஒரு பேக்கரி, ஒரு லாட்ஜ், கண்ணாடிக் கதவு போட்ட செருப்புக் கடை. எங்கள் பங்காருபாளையத்தில் புதிதாக வருவது மாங்கன்று மட்டும்தான்.

எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் அப்பா, நைனா. மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. தினமும் என்னைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்து, மண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பள்ளியில் இறக்குவார். அத்தை மகளின் அப்பா, என் மாமா, திருப்பதியில் பொருளாதாரப் பேராசிரியர். வீட்டிலும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டார். இந்த ஒன்றில் மட்டும் அவளுக்கு என்மேல் பொறாமை. அது எனக்குப் பரம திருப்தி.

ஒரு கோடை விடுமுறையில் அவர்கள் மாம்பழம் தின்ன வந்தார்கள். எந்த ஊர் எப்படி வளரும் என்பதுதான் மாமாவின் ஆராய்ச்சி. அதை எங்களுக்கு விளையாட்டாகக் காட்டினார். தரையில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு, சித்தூர், புத்தூர், பங்காருபாளையம், ரேணிகுண்டா என்று எழுதினார். ஒரு புளியங்கொட்டை என்றால் வேலை செய்கிற ஓர் ஆள். அவரவர் ஊருக்கு அவரவரே வைக்க வேண்டும்.

நான் எங்கள் வட்டத்தில் அள்ளிக் கொட்டினேன். பின்னே? தெருவெல்லாம் லாரி, மண்டியெல்லாம் வெளியூர் ஆட்கள். ரேணிகுண்டா கிட்டே வர முடியுமா?

"சீசன் முடிஞ்சா இவங்கள்லாம் எங்க இருப்பாங்க, பாப்பா?" என்று மாமா முக்கால்வாசியை வாரி வெளியே போட்டார்.

வருஷம் முழுக்க வேலை இருக்கிற ஊர், ஒவ்வொரு ஆட்டத்திலும் மற்ற ஊர்களிலிருந்து கொட்டைகளை இழுத்துக்கொள்ளுமாம். ஆள் சேர்ந்தால் கடை வரும். கடை வந்தால் இன்னும் ஆள் சேரும். அத்தை மகள் இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நறுக்கென்று கிள்ளலாம் போலிருந்தது.

எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சியது. அவள் கை நீட்டுவதற்குள் எடுத்துப் பொத்திக்கொண்டேன்.

"இது எங்க நைனா. தரமாட்டேன், போ!"

எல்லோரும் சிரித்தார்கள். "உம் பொண்ணு என் கணக்கையே கெட்த்துட்டா, மச்சான்," என்றார் மாமா. கதவோரம் பழம் நறுக்கிக்கொண்டிருந்த நைனா மட்டும் சிரிக்கவில்லை.

"அங்க நெஜமாவே வருசம் பூரா வேலை இருக்குதா, மாமா?" என்று கேட்டார்.

"பேக்டரில ஆள் எட்த்துக்கினே கீறாங்க. வர்றியா? நம்ம வூட்லயே தங்கிக்கலாம்."

நைனா கத்தியைக் கீழே வைத்தார். ஒரு துண்டு பழத்தை எடுத்து என் வாயில் ஊட்டினார். அவளுக்குக் கொடுக்காமல் எனக்குத்தான் முதலில். ஜெயித்துவிட்டேன் என்று அவளைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன்.

சீசன் முடிந்த கையோடு நைனா ரேணிகுண்டாவுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஒருநாள் அத்தை மகள் போனில் பேசினாள்.

"உங்க நைனா டெய்லி என்னை வண்டில முன்னாடி குந்த வெச்சிக்கினு ஸ்கூலுக்கு இட்டுக்கினு போறாரு, தெரியுமா?"

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் என் பென்சில் டப்பாவைத் திறந்தேன். அன்று ஒளித்துவைத்த கொட்டை பத்திரமாக அங்கேயே இருந்தது. அப்புறம் நைனா எப்படிப் போனார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.