கழுவி நிறுத்திய கால்

நான் எப்போது போனாலும் அவர் குதிரையைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி, நான்கு கால்களிலும் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொட்டில் வாசலில் பிடித்துக்கொண்டு நிற்பார். குளியல் குதிரைக்கு மட்டுமல்ல. தோய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் திருநீறு என்று அவரும் தயாராகத்தான் இருப்பார். "இன்னைக்கு மாப்பிள்ளை அண்ணனா, குதிரையா?" என்று மற்ற வேலையாட்கள் கேலி செய்வார்கள். ஒருநாள் நானே கேட்டேன், எதற்கு இந்த அலங்காரமெல்லாம் என்று. "எங்க தோட்டத்துல டிஸ்பென்சரிக்குப் போறதுன்னா அம்மா குளிப்பாட்டித்தான் கூட்டிட்டுப் போவாங்க, டாக்டரம்மா. அழுக்கா போனா டாக்டரையா ஏசுவாரு" என்றார். காய்ச்சல்காரப் பிள்ளையையுமா என்றேன். "ஆமாங்க, காய்ச்சல்னாலும் குளிப்பாட்டித்தான்." இருவரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு அப்போது இருக்கவில்லை.

இரத்மலானைப் பக்கம் ஒரு தனியார் குதிரையேற்றப் பள்ளிக்கு நான் மிருக வைத்தியர். வெள்ளவத்தையிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் போய் வருவேன். அண்ணன் அங்கே குதிரை பார்ப்பவர். ஊர் ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், வீடு தெமட்டகொடை. கடைச் சிப்பந்தியாகக் கொழும்புக்கு வந்து, எப்படியோ குதிரைகளிடம் வந்து சேர்ந்தவர். பள்ளியில் எல்லாருக்கும் அவர் அண்ணன், எனக்கும்தான். அவர் கையில் வளர்ந்த ஒரு செம்பழுப்புப் பெண்குதிரைக்குப் பள்ளிக்காரர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை. "புள்ள" என்பார். பெற்ற இரண்டு மகன்களைக்கூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று அவருடைய மனைவி குறைப்பட்டுக்கொள்வாராம். அதைச் சொல்லிச் சிரிப்பவரும் அவர்தான்.

புள்ளைக்கு முன்னங்கால் தசைநாண் கிழிந்தது. இனி அவள் ஓடமாட்டாள் என்றால் பள்ளியில் அவளுக்கு இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நான் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சூட்டில் இருந்தேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் கிழிந்த நாண் நன்றாகக் கூடும் என்றேன். அவளுடைய எலும்பு மச்சையிலிருந்தே செல் எடுத்து வளர்ப்பதென்றால் வாரக்கணக்கில் ஆகும். வேறொரு குதிரையின் செல்கள் உறைய வைத்தபடி தயாராக வரும். பிறத்தியார் செல்லை உடம்பு எதிர்க்காதா என்று பள்ளி நிர்வாகி கேட்டார். இந்தச் செல்கள் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் என்று நான் விளக்கினேன். அப்படித்தான் படித்திருந்தேன். அதைச் சந்தேகிக்கிற ஆய்வுகளும் வரத் தொடங்கியிருந்தன. அவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்திருந்தேன்.

முதல் ஊசி போட்டு நான்காம் நாள் போனேன். வழக்கம்போல் புள்ளை குளித்து முடித்து, கால் பளபளக்க நின்றாள். அண்ணன் முகம் மட்டும் சரியில்லை. "மூணு நாளா அந்த எடத்துல சூடுங்க. புறங்கைய வச்சா கொதிக்குது. இந்த ஊசி புள்ளைக்கு ஒத்துக்கல போல" என்றார். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கால் சில்லென்றிருந்தது. வீக்கமும் கொஞ்சம்தான். "சும்மா பயப்படாதீங்க அண்ணன், ஊசி போட்டா கொஞ்சம் இருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, குறிப்பில் வெப்பம் இல்லை என்று எழுதினேன். என் வருகைக்காக அரைமணி நேரம் குழாய்த் தண்ணீரில் நின்ற கால் வேறு எப்படி இருக்கும்? எப்போது கழுவினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் மரியாதைக்குக் கழுவினார். நான் அந்த ஈரத்தைத் தொட்டுவிட்டு அவருடைய மூன்று நாள் சூட்டைப் பொய்யாக்கினேன்.

ஒரு மாதம் கழித்து, அதே கொடையாளிக் குதிரையின் செல்களை இரண்டாம் முறை ஏற்றினேன். மறுநாள் காலையிலேயே தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தபோது கால் முழங்காலிலிருந்து கீழே வீங்கித் திரண்டிருந்தது. அன்றைக்கு அண்ணன் அவளைக் குளிப்பாட்டியிருக்கவில்லை. கொதித்த காலில் கையை வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தேன். புள்ளை அந்தக் காலை ஊன்ற முடியாமல் முழுப் பாரத்தையும் மற்றக் காலில் போட்டு நின்று நின்று, அந்தக் குளம்பும் உள்ளே அழன்று கெட்டது. இரண்டு கிழமை அண்ணன் கொட்டிலிலேயே கிடந்தார். கடைசியில் நான்தான் கடைசி ஊசியையும் போட்டேன். புள்ளையின் தலை அவர் மடியில் இருந்தது.

எல்லாம் முடிந்தபின் அவர் என்னிடம் கேட்டார். "நான் பச்சத் தண்ணி ஊத்துனதாலயா, அம்மா?"

இல்லை என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நொடி போதும். அந்த மாதிரிக் காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் நல்லது என்பதை முதலாம் ஆண்டு மாணவி சொல்வாள். ஆனால் இல்லை என்றால், அப்போ எதனால் என்று அடுத்த கேள்வி வருமே. "இப்ப அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் அண்ணன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். தனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே காருக்குப் போனேன்.

ஒவ்வோர் ஊசிக்கும் முன் எடுத்து வைத்திருந்த புள்ளையின் இரத்தத்தை என் பழைய பேராசிரியருக்கு அனுப்பினேன். முதல் ஊசிக்கு முந்திய இரத்தத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் ஊசிக்குச் சற்று முன் எடுத்ததில் கொடையாளியின் செல்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் நிறைய இருந்தன. முதல் ஊசியிலேயே புள்ளையின் உடம்பு அந்நியனை அடையாளம் கண்டுவிட்டது. அந்தச் சூடு அதன் அறிகுறி. அண்ணனின் புறங்கைக்குத் தெரிந்தது ஆய்வுகூடத்துக்குத் தெரிய எத்தனையோ வாரங்கள் சென்றன. நான் இதை இரண்டு கருத்தரங்குகளில் படம் போட்டு விளக்கினேன். கை தட்டினார்கள். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம், நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு அந்தப் பள்ளி வேலையையே விட்டேன். கோழைக்குச் சாக்குக் கிடைப்பது கஷ்டமில்லை.

போன மாதம் அண்ணன் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் கழிந்துதான் தெமட்டகொடைக்குப் போக முடிந்தது. ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. மனைவி என்னை முன்பின் பார்த்ததில்லை. யார் என்று சொன்னதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். "உங்களப் பத்தி நெறைய சொல்லுவாருங்க. நல்ல டாக்டரம்மா, நான்தான் தண்ணிய ஊத்திப் புள்ளையக் கெடுத்துட்டேன்னு சொல்லுவாரு. அதுக்கப்புறம் அவரு ஒரு குதிரைக்கும் கால் கழுவலைங்க. வேற ஆளக் கூப்புட்டுத்தான் கழுவ வைப்பாரு."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் எழுந்துபோய், சுவரில் மாலை போட்டிருந்த படத்தின் முன்னால் விளக்கைத் தூண்டிவிட்டார்.

"எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? அவருகிட்டச் சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றேன். தணிந்த குரலில் தொடங்கினேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, டாக்டரம்மா. கடைசியில அவருக்குக் காது மந்தமாயிருச்சு."