வெதுவெதுப்பாக இருந்த தயிர்சாதம்

எட்டு வருடமாக இதை எழுத உட்காருவதும் பேனாவை மூடி வைப்பதுமாகவே இருந்தேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு என்னென்னவோ பேசியாயிற்று... இதை மட்டும் பேசவில்லை. அம்மன்மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தேவி வந்திருந்தாள். என் கணவரின் அக்கா மகள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

"முதல் பத்திரிகையை லாபிஸ் மாரியம்மனுக்கு வச்சிடலாம்மா" என்றேன்.

"அங்க வேணாம் அத்தை. நான் பொறக்கணும்னு வேண்டிக்கிட்டதாலதானே அம்மா செத்தாங்க?"

தேவி பிறந்தால் லாபிஸ் ஊர் அம்மனுக்குப் படையல் போடுவதாக வேண்டிக்கொண்டவர் அவள் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடும் என் நாத்தனார்.

அந்த வேண்டுதலை அக்கா இருபது வருடம் தள்ளிப்போட்டது உண்மை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்து, உடம்பில் தெம்பே இல்லாத நேரத்தில்தான் கிளம்பினார். படையலுக்குத் தயிர்சாதம் என் பொறுப்பு. காலையில் தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டில் பால் ஊற்றிப் பிசைந்து, சூடு ஆறும் முன்னே ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். உள்ளேதான் ஐஸ் இருக்கிறதே, அது ஆற்றிவிடாதா?

லாபிஸ் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து படையல் போடும்போது மதியம். பெட்டியைத் திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர். தொட்டேன் — சோறு வெதுவெதுப்பு.

"செல்வி, ஒரு வாய் போட்டுப் பாரேன்" என்றார் அக்கா.

"அலமாக்! அம்மனுக்கு முன்னாடி நாக்குல வைக்கிறதா? மோந்துகூடப் பார்க்கக் கூடாதுக்கா."

"சரிலா... அம்மனுக்கு வயிறு வலிச்சா நீதான் கிளினிக் கூட்டிட்டுப் போகணும்!"

சிரித்தோம். படைத்தோம். முதல் பிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டது அக்காதான்.

மறுநாள் எல்லோருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. நாங்கள் இரண்டு நாளில் எழுந்துவிட்டோம். அக்கா எழவே இல்லை.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் என்னை விசாரித்தார். "சூடாவா உள்ள வச்சீங்க? அந்தச் சூட்டுக்கே ஐஸ் கரைஞ்சிருக்கும்மா. அப்புறம் பெட்டி சூட்டை வெளிய விடாது. பால் ஊத்துன சோறு அதுல மணிக்கணக்கா இருந்தா கெட்டுப்போகாதா? ஆறவச்சு, ஃபிரிட்ஜில நல்லா குளுர வச்சு, அப்புறந்தான் பெட்டியில வைக்கணும். சுத்தி நிறைய ஐஸ் போடணும்."

கேட்டுக்கொண்டேன். வெளியே வந்தால் சொந்தக்காரர்கள், "சாமி குத்தம். இருபது வருஷம் ஏமாத்துனா அம்மன் சும்மா விடுமா?" என்றார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவர் தலையில் பழி, அம்மன் தலையில் கொலை... நான் மட்டும் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இதற்குப் பெயர் பக்தியா?

வெள்ளிக்கிழமை தேவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. டீ குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.

அம்மனுக்கு முன்னால் ருசிக்காதது தப்பில்லை. இன்றும் நான் ருசிப்பதில்லை. ஆனால் தொட்ட விரலுக்குத் தெரிந்ததே? அந்த விரலைக் கொடுத்ததும் அவள்தானே?

கோயிலுக்குச் சோறு கட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள். இரக்கப்பட்டு என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் — அந்த இடத்தில் வேறு யாரையாவது வைக்க வேண்டிவரும்.