நாலு விரல் இறக்கிய வண்டி

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து எப்போதுமே கோழி கிளறிய குப்பை மாதிரிதான் இருக்கும். ஐந்தாவது வரை படித்தவனிடம் எழுத்துப்பிழை இல்லாமல் வேறு என்ன இருக்கும்? இந்தத் தடவை இன்னும் மோசம். வலது கட்டைவிரலில் ஸ்பானர் அடி. அச்சு கோர்ப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடி எப்படிப் பட்டது என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

என் வாடகை அம்பாசிடரை உங்களுக்குத் தெரியும். மலையடிவார ஸ்டாண்டில் நிற்கிற வெள்ளை வண்டி. அதன் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். காரணம், கமான் பட்டை. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி, அதன் மேல்தான் பின்பக்கத்தையே உட்கார வைத்திருப்பார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டை ஏற்றுவதற்காக, கம்பெனி கொடுத்ததற்கு மேல் பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்திருந்தேன். பத்து வருஷமாக அப்படித்தான் ஓடியது.

என் மனைவி சரசுவுக்குப் போன வருஷம் முழங்கால் போய்விட்டது. நடக்கிறாள். ஆனால் உயரமாகக் காலைத் தூக்கி வைக்க முடியாது. உட்கார்ந்தாலும் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டோவில் முடியாது, முன் சீட்டில் முடியாது. பின் சீட்டில்தான் முடியும்... அதில் ஏற முடிந்தால்!

ஒருமுறை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி ஏற்றினோம். தெருவே பார்த்தது. திரும்பி வந்ததும் ஒரே வார்த்தை சொன்னாள்.

“நான் இன்னா லுங்கி மூட்டையா?”

அதோடு எட்டு மாதம். எங்கும் வரவில்லை. கேட்டால், “எனக்கு எங்கயும் போவப் புடிக்கல” என்பாள்.

இந்த நிலைமையில் வந்தது அவள் தம்பி மகளின் வளைகாப்பு. பொதட்டூர்பேட்டையில். முதல் வளையலை அத்தைதான் போட வேண்டும். சரசு பத்திரிகையைப் படித்தாள், மடித்தாள், அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். போகலாமா என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் பேச வராதே!

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். எங்கள் வீட்டுப் பின்கட்டுப் படியை மட்டும் அவள் எதையும் பிடிக்காமல் ஏறுகிறாள். அவள் சமையல்கட்டில் இருந்தபோது, ராட்டையில் அவள் சுற்றி வைத்திருந்த ஊதா நூலில் கொஞ்சம் எடுத்து அந்தப் படியை அளந்தேன். உயரத்துக்கு ஒரு முடிச்சு. நெசவுக்காரர் வீட்டில் டேப்பை யார் தேடுவது?

மறுநாள் மெக்கானிக் ஜிலானியின் பட்டறைக்குப் போனேன். நூலைப் பின்கதவின் கீழ் விளிம்பில் வைத்துக் காட்டினேன்.

“இந்த முடிச்சு வரிக்கும் எறக்கணும் பாய்.”

ஜிலானி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாண்ணா, இந்த வயசுல லோயரிங்கா? காலேஜ் பசங்கதான் இத்த கேட்டுகினு வருவானுங்க.”

“ஆங்... சும்மாதான்.”

“நல்லா ரோசன பண்ணிக்கோ. எக்ஸ்ட்ரா பட்டைய கழட்டிட்டா மூட்ட ஏத்த முடியாது. டயர் மட்கார்டுல ஒரசும். அந்த வாடகை போச்சு.”

“போவட்டும் பாய்.”

வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். பத்து வருஷத் துரு! பட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த நடு போல்ட் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவைத்து, நானும் ஒரு ஸ்பானர் போட்டு இழுத்தேன். வழுக்கியது. கட்டைவிரல்!

இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டை வெளியே வந்தது. வண்டியை இறக்கி, முன்னே பின்னே தள்ளி, பின் சீட்டில் நான் ஏறிக் குதித்துப் பார்த்தோம். நாலு விரல் இறங்கியிருந்தது. கதவின் விளிம்பு சரியாக முடிச்சுக்கு நேரே நின்றது.

ஸ்டாண்டில் விட்டார்களா?

“நைனா, வண்டி பம்முது! ஆருக்கு ரூட்டு வுடற?”

“லைட்டு போட்டா ரோடு தெரியாது, மலை மேல கோபுரந்தான் தெரியும்!”

சிரித்து வைத்தேன். ஒரு ஆண் ஸ்டைலுக்காகச் செலவு செய்தான் என்றால் ஊர் உடனே நம்பிவிடுகிறது. பெண்டாட்டிக்காக என்றால்தான் ஆதாரம் கேட்கும். (லைட்டையும் பிறகு சரியாகக் கீழே திருப்பி வைத்தேன்.)

வளைகாப்பு நாள் காலை. வண்டியை வாசலில் நிறுத்தி, “சும்மா வந்து பாரு” என்றேன். வந்தாள்... பட்டுப்புடவையில்! பின்கதவைத் திறந்தேன்.

அப்போதுதான் என் கணக்கு தப்பியது தெரிந்தது.

எங்கள் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டு, அதன் மேல் சிமெண்டும் போட்டு, வீடுகளெல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன. வண்டி ரோட்டில் நிற்கிறது. அவள் ஒரு சாண் கீழே, வாசலில் நிற்கிறாள். இறக்கிய நாலு விரல் எங்கே போயிற்று?

அவள் வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எங்க வெச்சி அளந்தீங்க?”

“பட்டறையில.”

“நம்ம வூடு பட்டறையிலயா கீது?”

எதிர் வீட்டம்மா வெளியே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்குவதற்குத் தயாராக லுங்கியை மடித்துக் கட்டினார். எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

சரசு வாசல் சரிவில் மெல்ல மெல்ல ஏறி ரோட்டுக்கு வந்தாள். டிக்கியைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றினாள். பின்னால் பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்தாண்ட கதவத் தொறங்க.”

திறந்தேன். ரோட்டுப் பக்கம் அந்த ஒரு சாண் பள்ளம் இல்லை. நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் காலைப் பார்க்கத் தைரியம் இல்லை. புடவை சரசரத்தது. வண்டி லேசாக அசைந்தது. நிமிர்ந்தால்... சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்!

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல். “நூலை கத்திரியால வெட்டறதுதான? பல்லால கடிச்சி வெச்சா எனக்குத் தெரியாதா?”

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. காது மட்டும் சூடானது.

பொதட்டூர்பேட்டையில் அவள் தம்பி முனிரத்தினம், அக்காவைத் தூக்கிப் போக பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தான்.

“சேர்ல நீ குந்துடா” என்று சொல்லி, தானே இறங்கினாள்.

“இன்னா பாவா, வண்டி தரையில பட்த்துகினு கீது?” என்றான் முனிரத்தினம் என்னிடம்.

“எனக்காவ எறக்கினாரு” என்றாள் சரசு. பந்தலுக்கே கேட்டது. இருபது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாப்பாட்டு அண்டாவுக்குப் பின்னால் போய், கேட்காதவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே பார்த்தேன். முதல் வளையல் அவள் கையால்தான் ஏறியது.

திரும்பும்போது எங்கள் ஊர் எல்லை வந்ததும், வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

“கனகம்மாசத்திரத்துல எங்க அக்காவப் பாத்துட்டுப் போலாம். அப்டியே மலைக்கும் ஒரு சுத்து.”

“கால் வலிக்காதா? வூட்டுக்குப் போயிட்லாமே?”

“வூட்டுக்கு இன்னா அவசரம்? எட்டு மாசமா அங்கதான கீறேன்!”

வலது பக்கம், கனகம்மாசத்திரம் ரோட்டில் திருப்பினேன்.

மூன்று வாரமாக எழுத நினைத்து, விரல் கொஞ்சம் ஆறி, இன்றுதான் எழுதி முடித்தேன். புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை.