இரை வைப்பவர்

கயிறு கனத்தது. மார்க்குசி நிமிராமல் இழுத்தார். பனித்துளையின் விளிம்பில் முதலில் கல் தட்டியது, பிறகு சீல் இறைச்சி மேலே வந்தது. ஆனால் இறைச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. கையகல நட்சத்திர மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருந்தன. அந்தக் கடலில் அவற்றுக்கு இருக்கும் ஆறு கைகளாலும் அணைத்து, வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளி இறைச்சியின்மேல் போர்த்தியிருந்தன.

"வந்துட்டீங்களா," என்றார். "சாப்பிடுங்க."

கட்டைவிரலைக் கொடுத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். வயிறுகள் மெதுவாக உள்ளே திரும்பின. முந்தைய வருடங்களில் அவற்றைப் பனியில் வீசி அண்டங்காக்கைக்கு விட்டுவிடுவார். இந்தக் குளிர்காலத்தில் துளைக்குள்ளேயே தள்ளிவிடுகிறார்.

பனிக்கு அடியில் வலை விரித்துச் சீல் பிடிப்பது அவர் தொழில். சிக்கிய சீலை உடனே எடுக்காவிட்டால் கடல்பேன்கள் குடைந்துவிடும். நட்சத்திர மீன்கள் ஊர்ந்து வந்து, அவசரமே இல்லாமல், எஞ்சியதைக் கரைத்துவிடும். அவற்றின் கவனத்தைத் திருப்ப வலைக்குத் தள்ளித் துளை போட்டு இரை தொங்கவிடுவார். அந்த ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. மனைவியின் தம்பி லுக்காசிக்கு இது தீராத வேடிக்கை. "ஒருநாள் எங்களையும் விருந்துக்குக் கூப்பிடு மச்சான். எங்களுக்குக் கைதான் ரெண்டு. வயிறு அதுகளைவிடப் பெருசு."

தொங்கவிட்ட இரையை எதுவும் தொடாமல் இருந்தால் மார்க்குசி நேராக வலைக்குப் போவார். அங்கே சீல் கிடக்கும். பக்கத்தில் பெரிய சாப்பாடு கிடைத்தால் நட்சத்திர மீன் சின்னதைத் தேடி வராது.

இந்த வருடம் அவர் வலை போடவில்லை. கடல் உறையத் தொடங்கிய நாட்களில், இரு கரைகளுக்கு நடுவே நீரோட்டம் பாயும் இடுக்கில், பனி உடைந்து மகன் யாக்கா பனிவண்டியோடு உள்ளே போய்விட்டான். வண்டியை மேலே எடுத்தார்கள். பனி தடிக்கும்வரை ஊரார் கொக்கி போட்டுத் துழாவினார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மார்க்குசி மட்டும் இடுக்கிலிருந்து நீரோட்டம் போகிற திசையில் துளை போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் இரை விட்டு, இரண்டு நாள் கழித்து வந்து இழுத்துப் பார்த்தார். வலையே இல்லாமல் இரை வைக்கிறார், பாவம், பழக்கம் விடவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். லுக்காசி கேலி செய்வதை நிறுத்திவிட்டான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

என்ன செய்கிறார் என்பது மனைவி ஆலாசிக்கு மட்டும் தெரியும். "இரையில மீன் ஏறியிருந்தா அவன் அங்க இல்ல," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதிலிருந்து மாலையில் அவர் காலணியைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள்.

"இருந்துச்சா?"

"நெறைய."

உடனே அவளுக்குப் பேச்சு வந்துவிடும். "அக்கரையிலதான் ஏறியிருப்பான். கால் வீங்கி எவன் வீட்டுலயாவது படுத்திருப்பான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும்னு தோணாது அவனுக்கு. சின்னதுலேருந்தே அப்படித்தான்." அக்கரை ஊர்களையெல்லாம் வானொலியில் விசாரித்தாகிவிட்டது. அது இருவருக்கும் தெரியும். அவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவார். அவளும் சாப்பிடுவாள். அருவருப்பாய் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பிராணிகள் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொண்டுவந்தன.

கரையின் முனையைத் தாண்டி, நீரோட்டம் தளரும் இடத்தில் போட்ட துளையில் கயிறு லேசாக வந்தது. அறுந்துவிட்டது என்று நினைத்தார். அறுந்திருக்கவில்லை. இறைச்சி அவர் கட்டிய கட்டோடு அப்படியே இருந்தது. ஓரங்கள் வெளுத்திருந்தன. கடல்பேன்கூடத் தொட்டிருக்கவில்லை.

புது இறைச்சி கட்டி இறக்கினார். கூப்பிடு தூரத்தில் இன்னொரு துளையும் போட்டார். இரண்டு நாள் கழித்து இரண்டையும் இழுத்தார். இரண்டிலும் இறைச்சி எதுவும் தொடாமல் அப்படியே வந்தது. துளையில் வாயை வைத்து மகனைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிடவில்லை. இறைச்சியை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, நாய்களுக்குப் போடவும் மனம் வரவில்லை. பனியைத் தோண்டி மூடினார்.

"இருந்துச்சா?" என்றாள் ஆலாசி.

"நெறைய," என்றார்.

காயப்போட அவர் கையுறைகளை வாங்கினாள். மற்ற நாட்களில் அவற்றின் கொழகொழப்பைக் கத்தியால் வழித்த பிறகுதான் அடுப்புக்கு மேலே மாட்டுவாள். கத்தியை எடுத்தவள் கையுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். கத்தியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்படியே மாட்டினாள். சூப் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. அக்கரையைப் பற்றிப் பேசவில்லை. அவர் கிண்ணத்தைப் பார்த்தபடியே கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள்.

"குளிர் ஜாஸ்தியா இருக்கும்."

"அவனுக்கு மாத்துத் துணி எடுத்துக்கணும்."

எழுந்து போய் யாக்காவின் பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் காற்றில்லை. லுக்காசியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். பனியைச் சதுரமாக அறுத்து எடுத்தார்கள். கொக்கியை லுக்காசி இறக்கினான். நண்பகலுக்கு முன்பே பிடித்தது; யாக்காவை மேலே இழுத்தார்கள். ஆலாசி தள்ளி நின்ற சறுக்குவண்டியில், துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்க்குசி மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, அவளுக்கு முதுகு காட்டி மண்டியிட்டார். கட்டைவிரலைக் கொடுத்து, எடுக்க வேண்டியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு மகனுடைய மேலங்கித் தொப்பியை முன்னால் இழுத்து, முகம் தெரியாதபடி நாடாவை முடிந்தார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்.