ஒன்று ஐந்துக்கு வரும் மெயில்

சத்யராஜ் தங்கமான மனுஷன் என்று இப்போது ஊரில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர்கள் ஒருவரும் அவனோடு ஆறு வருஷம் ஒரே கூரையின்கீழ் வேலை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம், அவனைத் தெரிந்துகொள்ளவில்லையே. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். 2001-இல் நான் அங்கே ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். அட்மிஷன் ரெஜிஸ்டர், போன், சாவிக்கொத்து மூன்றும் என் பொறுப்பு. அதே மாதம் சத்யராஜ் லேபைப் பார்த்துக்கொள்ள வந்தான். திருப்புட்குழிக்குப் பக்கத்துக் காலனி. அப்பா இல்லை. அம்மா சம்பூர்ணம் கழனி வேலை செய்து அவனைப் படிக்கவைத்தவள். காலை பஸ்ஸில் வருவான், சாயங்கால பஸ்ஸில் போவான். நடுவில் அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் ‘சரி மேடம்’, ‘முடிஞ்சிது மேடம்’ இரண்டுதான். எனக்கோ வாய் நீளம். பேசாத ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது.

மதியம் ஒரு மணிக்கு நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் அகத்து வழக்கம் அது. நாங்கள் சாப்பிடுவது பிறத்தியார் கண்ணில் படக் கூடாது. அவனுக்காகச் சாத்திய கதவு இல்லை, யார் இருந்தாலும் சாத்தியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருப் பெண் யாராவது அங்கே வேலை பார்த்திருந்தால் அவளை உள்ளே கூப்பிட்டிருக்க மாட்டேனா? கூப்பிட்டிருப்பேன். அவன் வெளியே, லேபின் கோடி மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறப்பான். சில நாள் திறக்காமலே வேலை செய்துகொண்டிருப்பான்.

நான் கதவைச் சாத்தின ஐந்தாவது நிமிஷம் போன் அடிக்கும்.

“யம்மா, சத்யராஜ் அம்மா பேசறேன். எம்புள்ள சாப்டானாமா?”

காலனி முனையில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து பேசுவாள். நான் எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் கதவைத் திறந்து, அவனிடம் கேட்டு, திரும்பி வந்து சொல்ல வேண்டும். தினமும். வருஷக்கணக்காக. 2004-இல் ஒரு நாள், ஏகாதசிக்கு மறுநாள், கொலைப் பசி எனக்கு. வாயில் போட்ட முதல் கவளம் தொண்டையில் இறங்குவதற்குள் போன்.

“இது ஆபீஸ் போன். உங்க பிள்ளை என்ன தொட்டில்ல கிடக்கற குழந்தையா? பசிச்சா சாப்பிடத் தெரியாதா அவனுக்கு?”



“தப்பா எடுத்துக்காதமா. இனிமே பண்ணல.”

பண்ணவில்லை. நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவளிடம் நான் பேசியது அவனுக்குத் தெரியுமா என்று அவனும் காட்டிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. மறு வருஷ ஐப்பசி மழையில் நாலு நாள் காய்ச்சலில் சம்பூர்ணம் போய்விட்டாள். முதலாளி, பசங்கள், எல்லோரும் துக்கத்துக்குப் போனார்கள். சென்டரை யார் பார்த்துக்கொள்வது என்று நான் தங்கிவிட்டேன். எட்டாம் நாள் அவன் வேலைக்கு வந்தான். ஒற்றை ஆளாகச் சமைத்து ஒற்றை ஆளாக உண்கிற வீட்டிலிருந்து வந்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: “யூ.பி.எஸ். பாட்டரி மாத்தணுமே, பாத்தியாப்பா?”

2006-இல் முதலாளிக்கு நெட்வொர்க்கிங் கோர்ஸ் ஆசை பிடித்தது. அதற்கு மூன்று சர்வர் வேண்டும். இருப்பதை வைத்து ஒப்பேற்று என்கிற ரகம் அவர். சத்யராஜ்தான் வழி சொன்னான். ஒரே கம்ப்யூட்டரில் மெமரியைக் கூட்டி, அதற்குள்ளேயே மூன்று சர்வரையும் நாலு சாதாரண கம்ப்யூட்டரையும் போலியாக ஓடவைத்தான். ஒரு சர்வர் மற்றவற்றுக்கு முகவரி கொடுக்கும். இன்னொன்று யார் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பெயரை வைத்துச் சொல்லும். மூன்றாவது மெயில். முகவரி கொடுக்கும் சர்வருக்கு அவன் வைத்த பெயர் அப்பாதுரை. அவன் காலனிக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர் பெயராம்.

“எல்லாம் உள்ளயே ஓடிக்கினு இருக்குது மேடம். வெளிய ஒரு கேபிள்கூட கெடையாது.”

“சொப்பு வச்சு விளையாடற மாதிரின்னா இருக்கு.”

“அப்படித்தான் மேடம். ஆனா தாங்க சொப்புன்னு அதுங்களுக்குத் தெரியாது.”

ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது. சிரித்தான்கூட. நான் பதிலுக்குச் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

சென்னை தலைமை ஆபீஸ் அந்த லேபை ஒப்புக்கொண்டால்தான் கோர்ஸ் நடக்கும். இல்லாவிட்டால் கோர்ஸும் இல்லை, சத்யராஜும் வேண்டாம் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். 2007 வைகாசியில் ஒரு நாள், காலை பத்து மணிக்குப் பார்வையிட ஆள் வருவதாக ஏற்பாடு. பெரிய முகூர்த்தத்துக்கு முன்தினம் அது. பட்டு எடுக்க வந்த வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டன. அந்த மனிதர் படியேறும்போது பன்னிரண்டேகால். சத்யராஜ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பரீட்சைப் பயம் என்று நினைத்தேன்.

ப்ரொஜெக்டரில் சுவர் முழுக்கக் காட்டினான். முகவரி போயிற்று, பெயர் வந்தது, ஃபைல் ஒரு போலிக் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று. வந்தவர் தலையை ஆட்டினார். அப்போது திரையின் மூலையில் சின்னதாக ஒரு தபால் உறை எட்டிப் பார்த்தது. மணி ஒன்று ஐந்து.

“மெயிலும் வருதே, வெரி குட். ஓபன் பண்ணுங்க.”

“சும்மா டெஸ்ட் மெயில் சார்.”

“அதான் பாக்கலாம்.”

திறந்தான். ஆங்கில எழுத்தில் தமிழ். அனுப்பியவர் சம்பூர்ணம். ‘சாப்டியாப்பா?’ அதன் கீழே முந்தின நாள் ஒன்று ஐந்து, அதே வரி. அதற்கும் முந்தின நாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக சுவர் நெடுக ‘சாப்டியாப்பா’ இறங்கிக்கொண்டே போயிற்று. கம்ப்யூட்டர் தானாக அனுப்பும்படி அவன் எழுதிவைத்திருக்கிறான். அந்த நேரம் எந்த நேரம் என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வந்தவர் சிரித்தார். “நல்லா இருக்கே. யாரு இந்த சம்பூர்ணம்? யூசர் லிஸ்ட்ல இருக்கிறவங்க எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கிற ஸ்டூடண்ட்டா இருக்கணும். டம்மி பேர் இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது. மேடம், ரெஜிஸ்டர்ல இந்தப் பேரு இருக்கா?”

ரெஜிஸ்டர் என் மடியில். சத்யராஜ் என்னைப் பார்த்தான். அதுவரை என்னிடம் எதையும் கேட்காதவன் கேட்கிற மாதிரி பார்த்தான். ‘இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதருக்கு இருந்த பசியில் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிறவள் நான். அன்றைக்குப் பார்த்து நியாயம் பேசினேன்.

“இல்லை சார். அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லை.”

“அப்ப டெலீட் பண்ணிடுங்க.”

இந்தப் பெயரோடு இதன் மெயில்கள் எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவன் கை மவுஸின்மேல் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு சின்ன ‘டிக்’.

“பண்ணிட்டேன் சார்.”

கையெழுத்து கிடைத்தது. வேலை தப்பியது. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அவன் தன் பங்கைப் பேப்பரில் மடித்து மேசையில் வைத்தான். அது அங்கேயே இருந்தது.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒரு மணிக்கு நான் கதவைச் சாத்தவில்லை. ஐம்பது வயசில் முதல் தடவையாக, திறந்த கதவுக்கு முன்னால் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். ஒன்று ஐந்து ஆயிற்று. உறை வரவில்லை. அவனும் திரையின் அந்த மூலையைப் பார்க்காமல் இல்லை. ஒன்று பத்துக்கு எப்படியோ என் வாய் திறந்தது.

“சத்யராஜ், சாப்டியாப்பா?”

கொஞ்சம் பொறுத்து எழுந்து என் அறை வாசலுக்கு வந்தான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“கதவ சாத்த மறந்துட்டீங்க போல மேடம்” என்றான். “நீங்க சாப்பிடுங்க.”

என் டிபன் பாக்ஸின் பக்கம் பார்வை படாமல், கைப்பிடியைப் பிடித்து, சத்தம் வராமல் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனான்.